கணினியின் கணக்கப்பிள்ளை

ஹட்டனிலோ நுவரெலியாவிலோ ஒரு தோட்ட அலுவலகத்தை எண்ணிப் பாருங்கள். கொழுந்தின் நிறையும் தொழிலாளரின் பேரும் கணினியில் பதிந்துள்ளன. சம்பள நாளுக்கு முதல்நாள் அதன் எஸ்.எஸ்.டி. சேமிப்பகம் தென்படவில்லையெனில், நூறு குடும்பங்களின் அடுப்பு காத்திருக்கும்.

ஆயினும் பழுதென்று உடனே முடிவு கட்டலாகாது. மலைக்கும் அலுவலகத்துக்கும் இடையே கணக்கப்பிள்ளை நிற்பதுபோல், சேமிப்பகத்துக்கும் விண்டோஸுக்கும் இடையே டிரைவர் என்னும் மென்பொருள் நிற்கின்றது. கணக்கப்பிள்ளை வராவிடின், மலையில் கொழுந்து இருந்தும் அலுவலகம் அறியாது.

முதலில் பயாஸ் திரையைப் பாருங்கள். அங்கும் சேமிப்பகத்தின் பெயர் இல்லையெனில், இணைப்பையோ கருவியையோ ஐயுறுக. அங்கே இருந்து, விண்டோஸ் நிறுவும் திரையில் மட்டும் இல்லையெனில், பெரும்பாலும் டிரைவரே காரணம்.

எந்த டிரைவர் வேண்டும்? சாட்டா வகைக்கும், 2013இல் வந்த விண்டோஸ் 8.1 முதல் என்.வி.எம்.ஈ. வகைக்கும், விண்டோஸுடன் வருவதே பொதுவாகப் போதும். 2020 முதல் வந்த இன்டெல் கணினிகள் பலவற்றில் வி.எம்.டி. என்னும் அமைப்பு குறுக்கே நிற்கும். அவற்றுக்கு, கணினியை ஆக்கியோரின் இணையத்தளத்திலிருந்து இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரைப் பென் டிரைவில் எடுத்து, நிறுவும்போது ஏற்ற வேண்டும்.

நன்கு இயங்கும் கணினியில் பயாஸின் சேமிப்பு முறையை மாற்றாதீர்கள். நீலத்திரை தோன்றி விண்டோஸ் தொடங்காது போகலாம். தோன்றினால் முன்னைய முறைக்கே திருப்புங்கள், ஃபார்மட் செய்யாதீர்கள். டிரைவரை மீண்டும் பெறலாம். அழிந்த பேர்ப் பதிவைப் பெறுதல் அரிது. ஆகவே அன்றாடம் ஒரு பிரதி வேறிடத்தில் இருக்கட்டும்.