பூட்டும் சான்றும்

திண்டுக்கல் என்றதும் நினைவுக்கு வருவது பூட்டு. மாங்காய்ப் பூட்டு முதலாகப் பலவகைப் பூட்டுகள் இங்கே கைவேலையாகச் செய்யப்படுகின்றன. இவற்றுக்கு 2019-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. அக்குறியீட்டால் பூட்டின் உறுதி கூடிவிடவில்லை. "இது திண்டுக்கல் பூட்டுதான்" என்பதற்குச் செய்தவரல்லாத வேறொருவர் சான்று கூறுகிறார், அவ்வளவே. பூட்டு வேறு, சான்று வேறு. இதை மனத்திற்கொண்டால் மின்னஞ்சல் பாதுகாப்பும் எளிதில் விளங்கும்.

நாம் இணையத்தில் மின்னஞ்சலைத் திறக்கும்போது, நம் கடவுச்சொல் அஞ்சலைக் காக்கும் சர்வருக்குச் செல்கிறது. வழியில் எவரும் படித்துவிடாதபடி அது சங்கேத எழுத்தாக மாற்றப்படுகிறது. இது பூட்டு. நாம் சேர்ந்த இடம் உண்மையான சர்வர்தான் என்று உறுதி கூறுவது பாதுகாப்புச் சான்றிதழ்.

இச்சான்றிதழைச் சான்றளிக்கும் நிறுவனத்திடம் விலைக்கு வாங்கலாம்; சர்வரை நடத்துபவர் தாமே எழுதிக்கொள்ளவும் செய்யலாம். இரண்டிலும் பூட்டின் வலிமை ஒன்றாகவே இருக்க முடியும். ஆனால் தானே எழுதிய சான்றைப் பிரௌசர் நம்பாமல் எச்சரிக்கை காட்டும். ஏனெனில், இடையில் நிற்கும் திருடனும் அதே பெயரில் ஒரு சான்றை எழுதிக்கொள்ளக் கூடுமன்றோ?

அப்படியானால் பிறர் தந்த சான்று இருந்தாலே போதுமா? 2014 ஜூலையில் நடந்ததைப் பாருங்கள். நம் நாட்டின் தேசியத் தகவலியல் மையத்தின் சான்றளிக்கும் பிரிவிலிருந்து கூகுள், யாகூ ஆகியவற்றின் பெயரில் முறையற்ற சான்றிதழ்கள் வெளிவந்தன. கூகுள் அதைக் கண்டறிந்து தெரிவித்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-ன்படி சான்றளிப்போரைக் கண்காணிக்கும் அலுவலகம், அம்மையம் சான்றளிக்கப் பயன்படுத்திய சான்றிதழ்களை ரத்துச் செய்தது. ஆகவே சான்றின் மதிப்பு அதன் விலையில் இல்லை. சான்றளிப்பவரின் விழிப்பில் இருக்கிறது.

இன்று மூன்றாவது வழியும் உண்டு. லெட்ஸ் என்கிரிப்ட் என்னும் அமைப்பு, இணையப் பெயர் கேட்பவரின் வசத்தில்தான் உள்ளதா என்று சோதித்து, 2015 டிசம்பர் முதல் யாவருக்கும் இலவசமாகச் சான்றிதழ் வழங்குகிறது. அது சில மாதங்களே செல்லும். தவறாமல் புதுப்பிக்க வேண்டும்.

எதைத் தேர்ந்தெடுப்பது? ஐந்தாறு பேர் மட்டும் பணிபுரியும் அலுவலகம் எனில், ஒவ்வொரு கணினியிலும் சான்றின் அடையாள எண்ணை நேரில் ஒப்பிட்டுப் பதித்துவிடலாம். அங்கே தானே எழுதிய சான்று போதும். பெற்றோரும் வெளியூராரும் பயன்படுத்தும் அஞ்சலுக்கு அது பொருந்தாது. "எச்சரிக்கை வந்தால் பரவாயில்லை, அழுத்திவிட்டு உள்ளே செல்லுங்கள்" என்று ஊராருக்குச் சொல்லிப் பழக்கினால், உண்மையாகவே திருடன் குறுக்கிடும் நாளிலும் அவர்கள் அப்படியே அழுத்திச் செல்வர். கடவுச்சொல் அவன் கையில் சேரும்.

ஆதலால், தோழியரே! பிரௌசர் எச்சரிக்கை காட்டினால் அவசரப்பட்டுக் கடந்து செல்லாதீர்கள். நாம் சாவியை யாரிடம் நீட்டுகிறோம் என்று அறிந்த பின்பே, எத்துணை வலிய பூட்டும் நமக்குப் பயன்படும்.