காரின் மதிப்பை மிஞ்சும் கார் கடன்: நம் குடும்பங்கள் கவனிக்க வேண்டியவை

ஜனாஸா தொழுகைக்கு முன்னால் வாரிசுகளில் ஒருவர் ஜமாஅத்தார் முன் நின்று, "மய்யித்து யாருக்காவது கடன் பாக்கி வைத்திருந்தால் எங்களிடம் சொல்லுங்கள், நாங்கள் பொறுப்பு" என்று அறிவிப்பதை நாம் பல ஊர்களில் பார்த்திருக்கிறோம். மளிகைக் கடைக்காரர், கைமாற்றுக் கொடுத்த நண்பர், சீட்டுப் போட்ட பக்கத்து வீட்டுக்காரர் எல்லாரும் அதைக் கேட்பார்கள். கார் கடன் கொடுத்த நிறுவனம் மட்டும் அந்தக் கூட்டத்தில் நிற்பதில்லை. அடுத்த மாதம் டியூ தவறியதும் அதனிடமிருந்து போன் வரும். காரை விற்றுக் கடனை அடைத்துவிடலாம் என்று வீட்டார் கணக்குப் போடுவார்கள். விலை கேட்டால்தான் தெரியும், காரை விற்றாலும் கடன் தீராது, மேலும் ஒன்றரை லட்சம் கையிலிருந்து போட வேண்டும் என்று.

சொத்தைப் பங்கு வைப்பதற்கு முன் கடனைத் தீர்க்க வேண்டும் என்பது திருக்குர்ஆன் 4:11, 4:12 வசனங்களில் தெளிவாக இருக்கிறது. ஆகவே இந்தப் பள்ளம் வாரிசுகளின் பங்கையும் தொடுகிறது. வட்டியைப் பற்றிய மார்க்கச் சட்டத்தை நம் வாசகர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் விழுப்புரம், திண்டிவனம் பகுதியில் எத்தனை வீட்டு வாசல்களில் தவணைக் கார்கள் நிற்கின்றன என்பதும் நமக்குத் தெரியும். அதனால் இங்கே கணக்கை மட்டும் பார்ப்போம்.

ஷோரூம் விலை 8 லட்ச ரூபாய் உள்ள ஒரு பெட்ரோல் காரை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் 5 முதல் 10 லட்சம் வரையுள்ள கார்களுக்கு ஆயுட்கால சாலை வரி 13 சதவீதம். அதுவே ஒரு லட்சத்தைத் தாண்டும். இன்சூரன்ஸ், பதிவுக் கட்டணம் எல்லாம் சேர்ந்தால் ஆன் ரோடு விலை ஒன்பதரை லட்சம். "ஐம்பதாயிரம் கட்டுங்கள் போதும் பாய், மீதி எல்லாம் லோன்" என்கிறார் விற்பனையாளர். 9 லட்சம் கடன், 10 சதவீத வட்டி, ஏழு வருடம். மாதத் தவணை 14,941 ரூபாய்.

சாலை வரிக்கும் இன்சூரன்ஸுக்கும் கொடுத்த பணம் காருக்குள் இல்லை. அது அரசிடமும் கம்பெனியிடமும் போய்விட்டது. ஆனால் அதற்கும் சேர்த்தே கடன் வாங்கியிருக்கிறோம். வண்டி ஷோரூம் வாசலைத் தாண்டும்போதே 8 லட்ச ரூபாய் காருக்கு 9 லட்சம் கடன்.

அதற்குப் பிறகு கார் வேகமாக இறங்குகிறது, கடன் மெதுவாக இறங்குகிறது. தொடக்க மாதங்களில் கட்டும் தவணையில் பாதி அளவுக்கு வட்டிக்கே போய்விடுவதுதான் காரணம். மோட்டார் இன்சூரன்ஸில் ஐடிவி என்று ஒரு தொகை எழுதியிருப்பார்கள். வண்டி முழுதாக அழிந்தாலோ திருடு போனாலோ அதிகபட்சம் கிடைக்கும் தொகை அது. வழக்கமான தேய்மான அட்டவணைப்படி, ஓராண்டைத் தாண்டிய வண்டிக்கு ஷோரூம் விலையில் 20 சதவீதம் கழிப்பார்கள். இரண்டாண்டைத் தாண்டினால் 30, மூன்றைத் தாண்டினால் 40, நான்கைத் தாண்டினால் 50 சதவீதம். நம் கணக்கில் ஓராண்டு முடிவில் காரின் ஐடிவி 6 லட்சத்து 40 ஆயிரம், கடன் பாக்கி ஏறத்தாழ 8 லட்சத்து 6 ஆயிரம். ஒரு டியூவும் தவறாமல் கட்டிய மனிதருக்கே 1 லட்சத்து 66 ஆயிரம் பள்ளம். இரண்டாண்டு முடிவில் 5 லட்சத்து 60 ஆயிரத்துக்கு எதிராக 7 லட்சத்து 3 ஆயிரம். நான்கு வருடம் கட்டிய பிறகும் 60 ஆயிரத்துக்கு மேல் பள்ளம் மீதி இருக்கிறது.

கார் ஓடிக்கொண்டிருக்கும் வரை, சம்பளமோ கடை வியாபாரமோ நடக்கும் வரை, இது யார் கண்ணுக்கும் படாது. ஏதாவது ஒன்று நின்றால்தான் தெரியும்.

புயல் வந்தபோது

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, நகராமல் அங்கேயே நின்று கொட்டியது. மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை. பழைய ஏரி இடத்தில் கட்டிய விழுப்புரம் புதிய பேருந்து நிலையத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி தண்ணீர் திறக்கப்பட, தென்பெண்ணை பெருகி அரசூர் அருகே சென்னை - திருச்சி நெடுஞ்சாலையிலேயே போக்குவரத்து நின்றது. பாதிக்கப்பட்ட குடும்ப அட்டைகளுக்கு அரசு 2,000 ரூபாய் கொடுத்தது. அது அரிசி பருப்புக்கான உதவி. தண்ணீரில் நின்ற காருக்கு யாரும் எதுவும் தர மாட்டார்கள், இன்சூரன்ஸைத் தவிர.

இன்சூரன்ஸிலும் மூன்று இடத்தில் நம்மவர்கள் ஏமாறுகிறார்கள். முதலாவது, புதுக் கார் வாங்கும்போது கொடுக்கும் பாலிசியில் மூன்றாம் நபருக்கான காப்பீடு மூன்று வருடத்துக்கு இருக்கும். 2018 செப்டம்பர் முதல் அது கட்டாயம். ஆனால் நம் சொந்த வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான பகுதி பெரும்பாலும் ஒரே வருடம்தான். பேப்பரில் மூன்று வருடத் தேதியைப் பார்த்துவிட்டு, இரண்டாம் வருடம் புதுப்பிக்காமல் விட்டுவிடுகிறார்கள். வெள்ளத்தில் மூழ்கிய காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு ஒரு ரூபாய் தராது.

இரண்டாவது, தண்ணீர் வடிந்ததும் ஸ்டார்ட் செய்து பார்ப்பது. இன்ஜினுக்குள் தண்ணீர் இருக்கும்போது சாவியைத் திருப்பினால் இன்ஜின் உடையும். அது வெள்ளத்தால் வந்த சேதமில்லை, நீங்களே செய்தது என்று சாதாரண பாலிசியில் மறுத்துவிடுவார்கள். இன்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவு எடுத்திருந்தால்தான் பணம் வரும். மழை விட்டதும் வண்டியைத் தொடாமல் போட்டோ எடுத்து, கம்பெனிக்குத் தகவல் சொல்லி, இழுத்துக்கொண்டு போகச் சொல்வதே சரி.

மூன்றாவதுதான் நம் தலைப்போடு சேர்ந்தது. பழுது பார்க்கும் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால் முழு இழப்பு என்று முடிவு செய்வார்கள். அந்தப் பணம் முதலில் நம் கைக்கு வராது. ஆர்.சி.யில் கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர் இருப்பதால் அதன் பாக்கிக்கே போகும். நம் உதாரணக் காரில் அது போன பிறகும் 1 லட்சத்து 66 ஆயிரம் பாக்கி நிற்கும், வாசலில் கார் இருக்காது. இந்தப் பள்ளத்தை மூடத்தான் 'ரிட்டர்ன் டு இன்வாய்ஸ்' என்ற கூடுதல் பிரிவு இருக்கிறது. பெரும்பாலும் முதல் மூன்று வருடங்களுக்குத்தான் தருவார்கள், பள்ளம் ஆழமாக இருப்பதும் அந்த வருடங்களில்தான். காப்பீட்டைப் பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பதை மறக்கவில்லை. ஆனால் கடன் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவுடன் முழுக் காப்பீடும் கட்டாயமாகிவிடுகிறது. மார்க்கக் கேள்வியைக் கேட்பவர்கள் ஷோரூமுக்குப் போவதற்கு முன் கேட்டுவிடுவது நல்லது.

விலை குறைந்தாலும் இழப்பு

கடந்த 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது, செஸ் வரியும் போனது. சிறிய பெட்ரோல் காரின் விலை ஏறத்தாழ எட்டரை சதவீதம் இறங்கியது. புதிதாக வாங்குபவருக்கு சந்தோஷம். ஆகஸ்டில் வாங்கியவரை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. அவருடைய 8 லட்ச ரூபாய் காரை அடுத்த மாதம் 7 லட்சத்து 32 ஆயிரத்துக்கு வாங்கலாம் என்றால், பழைய காருக்கு யார் பழைய விலை தருவார்கள்? ஐடிவியும், புதுப்பிக்கும் நேரத்தில் கம்பெனி வைத்திருக்கும் விலையிலிருந்துதான் கழிக்கப்படுகிறது. அப்படிப் பார்த்தால் ஓராண்டு முடிவில் அவருடைய பள்ளம் 1 லட்சத்து 66 ஆயிரம் இல்லை, ஏறத்தாழ 2 லட்சத்து 20 ஆயிரம். அவர் எந்தத் தவறும் செய்யவில்லை. கடன் ஒரு ரூபாயும் குறையவில்லை.

அமெரிக்காவில் இது பெரிய நோயாகவே ஆகிவிட்டது. 2024 இறுதியில் அங்கே பழைய காரைக் கொடுத்துப் புதுக் கார் எடுத்தவர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்குக் கார் மதிப்பைவிடக் கடன் அதிகம். மிச்சக் கடனை அடுத்த காரின் கடனோடு சேர்த்துவிடுகிறார்கள், பள்ளத்தின் மேல் பள்ளம். நம் ஊரில் எக்ஸ்சேஞ்ச் ஆஃபர், டாப் அப் லோன் என்ற பெயர்களில் அதே பாதை திறந்து கிடக்கிறது.

இஸ்லாமிய வங்கி இருந்திருந்தால் இது வந்திருக்காதே என்று சிலர் சொல்வார்கள். இந்தியாவில் அந்தத் திட்டத்தை மேற்கொண்டு எடுத்துச் செல்வதில்லை என்று 2017-இல் ரிசர்வ் வங்கி தகவல் அறியும் உரிமைச் சட்டப் பதிலில் சொல்லிவிட்டது. அது ஒரு பக்கம் இருக்கட்டும். முராபஹா முறையில் லாபம் வைத்துத் தவணைக்கு விற்றாலும், முன்பணம் குறைவாகவும் தவணை ஏழு வருடமாகவும் இருந்தால் பள்ளம் வரத்தான் செய்யும். வட்டி நீங்கும், கார் பழசாவது நீங்காது.

செய்யக் கூடாத வியாபாரம்

டியூ கட்ட முடியாமல் திணறுபவர்கள் நம் பகுதியில் அடிக்கடி செய்யும் ஒரு காரியத்தைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். "ஒரு ஐம்பதாயிரம் கையில் கொடுங்கள், வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள், மீதி டியூவை நீங்களே கட்டிக்கொள்ளுங்கள்." ஒரு வெள்ளைத் தாளில் எழுதி, இரண்டு பேர் கையெழுத்துப் போட்டு, சாவியைக் கொடுத்துவிடுவார்கள். கடனை எழுதி வைக்கும்படி 2:282 வசனம் கட்டளையிடுகிறது, நாமும் எழுதிவிட்டோம் என்ற திருப்தி வேறு. ஆனால் கடன் கொடுத்த நிறுவனத்தின் சம்மதம் இல்லாமல் அடமான வண்டியைக் கைமாற்றுவது ஒப்பந்த மீறல். வாங்கியவர் மூன்று மாதம் கட்டிவிட்டு நிறுத்தினால் நோட்டீஸ் நம் வீட்டுக்கு வரும், சிபில் மதிப்பெண் நம்முடையது கெடும். அந்த வண்டி விக்கிரவாண்டி டோல்கேட் அருகே யார் மீதாவது மோதிவிட்டால் இழப்பீட்டு வழக்கும் நம் மேல்தான். ஆர்டிஓ பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், அவரே பொறுப்பு என்று 2018 பிப்ரவரியில் நவீன் குமார் - விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அந்த வழக்கில் கார் பல கை மாறியிருந்தது, பதிவு மட்டும் மாறவில்லை.

விற்றே ஆக வேண்டும் என்றால் நிறுவனத்திடம் முழுப் பாக்கிக்கான கணக்கை எழுத்தில் வாங்க வேண்டும். வாங்குபவரின் பணத்தை நேராக அந்தக் கணக்கில் செலுத்தச் சொல்லி, குறைவதை நாம் போட்டு, பெயரை மாற்ற வேண்டும். குறைகிற ஒரு லட்சத்துக்கு நகையை விற்பது வலிக்கும். ஏழு வருட டியூவையும் வழக்கையும் சுமப்பதைவிட அதுவே மேல் என்பது நம் கருத்து. சில பள்ளிவாசல்களில் வட்டியில்லாக் கடன் திட்டம் இருக்கிறது. கார் வாங்க அது பத்தாது, இந்த மாதிரிக் குறைகிற தொகைக்கு உதவலாம்.

டியூ நின்று வண்டியை சீஸ் செய்துவிட்டால் கடன் முடிந்தது என்று நினைப்பவர்களும் உண்டு. முடியாது. ஏலத்தில் விற்பார்கள், ஏல விலை சந்தை விலையைவிடக் குறைவாகவே இருக்கும், மீதியை நம்மிடம் கேட்பார்கள். நம்மிடம் கிடைக்காவிட்டால் ஜாமீன் கையெழுத்துப் போட்ட மச்சானிடம் கேட்பார்கள். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆம் பிரிவுப்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லாதவரை, ஜாமீன்தாரரின் பொறுப்பும் கடன்காரரின் பொறுப்பும் ஒரே அளவு. "சும்மா ஒரு கையெழுத்துதானே" என்று கேட்டு வருபவரிடம் இதைச் சொல்ல வெட்கப்பட வேண்டாம்.

அதற்காக வசூலிக்க வருபவர் எதையும் செய்யலாம் என்று இல்லை. அடியாட்களை வைத்து வண்டியைப் பறிப்பதை உச்ச நீதிமன்றம் 2007-லேயே கண்டித்திருக்கிறது. காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் வசூல் ஏஜெண்டுகள் போன் செய்யக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் உத்தரவு போட்டிருக்கிறது. வீட்டுப் பெண்களை, உறவினர்களை அழைத்து அவமானப்படுத்துவதும் தடை. முதலில் நிறுவனத்துக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குப் போகலாம். 14448 என்ற இலவச எண்ணில் வழி சொல்வார்கள்.

இனிமேல் வாங்க நினைப்பவர்களுக்கு அதே காரை வைத்து இன்னொரு கணக்கு. முன்பணம் 3 லட்சம், கடன் ஆறரை லட்சம், நான்கு வருடம் என்றால் தவணை 16,486. முன்னதைவிட மாதம் 1,545 ரூபாய்தான் அதிகம். ஓராண்டு முடிவில் பாக்கி 5 லட்சத்து 11 ஆயிரம், காரின் ஐடிவி 6 லட்சத்து 40 ஆயிரம். பள்ளமே இல்லை. மொத்த வட்டி 3 லட்சத்து 55 ஆயிரத்திலிருந்து 1 லட்சத்து 41 ஆயிரமாகக் குறைகிறது. முன்பணத்துக்கு எங்கே போவது என்றால், கையில் இருக்கும் ஐம்பதாயிரத்தோடு அந்த 14,941 ரூபாயைப் பதினேழு மாதம் சேர்த்தால் மூன்று லட்சம் வந்துவிடும். நாற்பது மாதம் பொறுத்தால் ஆறரை லட்சத்துக்கு அருகில் சேரும். அந்தப் பணத்துக்கு நல்ல நிலையில் ஒரு பழைய கார் ரொக்கமாகவே கிடைக்கும், வட்டி என்ற பேச்சே வராது. நாற்பது மாதம் பஸ்ஸிலும் ரயிலிலும் போவது ஜங்ஷன் உள்ள விழுப்புரத்துக்காரர்களுக்கு அவ்வளவு கஷ்டமா என்பதை அவரவர் வீட்டில் பேசி முடிவு செய்யட்டும்.

ஏற்கெனவே கடனில் இருப்பவர்கள் பாக்கிக் கணக்கு, பாலிசி, ஆர்.சி. நகல் மூன்றையும் ஒரே கவரில் போட்டு வீட்டில் இன்னொருவருக்குக் காட்டி வையுங்கள். கடைசி டியூ கட்டியதும் வேலை முடிந்துவிடாது. நிறுவனத்திடம் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் வாங்கி, மூன்று மாதத்துக்குள் உங்கள் ஆர்டிஓ அலுவலகத்தில், அது டிஎன் 32 விழுப்புரமோ டிஎன் 16 திண்டிவனமோ, கொடுத்து ஆர்.சி.யிலிருந்து அடமானத்தை நீக்குங்கள். அதைச் செய்யாமல் விட்டு, விற்கும்போதோ ஒருவர் மறைந்த பிறகோ பழைய நிறுவனத்தைத் தேடி அலையும் குடும்பங்கள் இப்போதும் இருக்கின்றன.