தழும்பு மாற்ற ஆபரேஷனா? போகும் முன் தெரிந்துகொள்வோம்



நம் குழுக் கூட்டங்களில் அவ்வப்போது "வைத்தியச் செலவு" என்று மட்டும் எழுதிக் கடன் கேட்கிறார்கள். என்ன வைத்தியம் என்று கேட்டால் பதில் மெதுவாகத்தான் வருகிறது. "பொண்ணுக்கு கழுத்துல தீக்காயத் தழும்பு இருக்குதுங்க, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்றாங்க." "பையனுக்கு உதடு பிளந்திருக்குது." "முகத்துல மரு, சரி பண்ணிக்கலாம்னு பார்க்கறேன்." இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வெளியில் சொல்லாமல் போவதில்தான் ஆபத்து இருக்கிறது. அதனால் இந்த இதழில் இதைப் பற்றி வெளிப்படையாகவே பேசுவோம்.

இரண்டு வகை உண்டு

பிளாஸ்டிக் சர்ஜரி என்றதும் பிளாஸ்டிக்கை வைத்துத் தைப்பார்கள் என்று சிலர் நினைக்கிறோம். அப்படி இல்லை. நம் உடம்பின் தோலையும் சதையையும் வைத்தே சீர்செய்கிறார்கள்.

முதல் வகை சீரமைப்பு ஆபரேஷன். தீக்காயத்தால் கழுத்து தாடையோடு ஒட்டிக்கொண்டது, கை மடங்கி நீட்ட முடியாமல் போனது, பிறவியிலேயே உதடும் அண்ணமும் பிளந்திருப்பது, தொழுநோயால் விரல் மடங்கியது எல்லாம் இதில் வரும். இது அழகுக்காகச் செய்வதல்ல. சாப்பிடவும் பேசவும் வேலை செய்யவும் தேவையான வைத்தியம்.

இரண்டாவது வகை அழகுக்கான ஆபரேஷன். மூக்கைத் திருத்துவது, கொழுப்பை எடுப்பது, முடி நடுவது போன்றவை. இதைச் செய்துகொள்வது அவரவர் விருப்பம். ஆனால் இதுவும் ஆபரேஷன்தான். "பார்லருக்குப் போற மாதிரி போயிட்டு சாயங்காலம் வந்துடலாம்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

நம் ஊரே சாட்சி

பாப்பாரப்பட்டியில் வாழ்ந்து 1925ல் மறைந்த தியாகி சுப்பிரமணிய சிவாவை நமக்கெல்லாம் தெரியும். சிறையில் அவருக்குத் தொழுநோய் வந்தது. அதைக் காரணம் காட்டி ரயிலில் ஏறக்கூடாது என்று வெள்ளைக்கார அரசு தடுத்தது. அவர் நடந்தும் வண்டியிலும் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். அன்றைக்கு அந்த நோயைக் குணமாக்க மருந்தும் இல்லை, மடங்கிய விரலை நிமிர்த்த ஆபரேஷனும் இல்லை.

அவர் மறைந்து கால் நூற்றாண்டு ஆவதற்குள், நமக்குப் பக்கத்தில் இருக்கும் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் கைகளைச் சீர்செய்யத் தொடங்கினார். நல்ல தசை நாணை இடம் மாற்றித் தைத்து விரலை வேலை செய்ய வைத்தார். உதிர்ந்த புருவத்தையும் அமுங்கிய மூக்கையும் கூடச் சரிசெய்தார். கை சரியாகியும் முகத்தைப் பார்த்து யாரும் வேலை தரவில்லை என்பதை அவர் கண்டார். முகத்தைச் சரிசெய்வதும் வாழ்க்கையைச் சரிசெய்வதுதான் என்பது அப்போதே தெரிந்த விஷயம்.

இன்று தொழுநோய்க்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவச மாத்திரை கிடைக்கிறது. 6 மாதம் முதல் 12 மாதம் வரை விடாமல் சாப்பிட்டால் குணமாகும். சீக்கிரமே பார்த்துவிட்டால் ஆபரேஷன் தேவையே வராது.

இரண்டு மரணங்கள் சொல்லும் பாடம்

2016 மே மாதம் சென்னையில் 22 வயது மருத்துவ மாணவர் ஒருவர் தலையில் முடி நட்டுக்கொள்ளப் போனார். இரண்டு நாளில் இறந்துபோனார். விசாரித்தபோது, அந்த இடத்துக்கு முடிதிருத்தும் நிலையத்துக்கான அனுமதி மட்டுமே இருந்தது தெரிய வந்தது. டாக்டருக்குப் படித்த பிள்ளையே ஏமாந்துவிட்டான் என்றால் நாம் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்!

2022 மே மாதம் பெங்களூரில் 21 வயது சின்னத்திரை நடிகை ஒருவர் கொழுப்பு எடுக்கும் ஆபரேஷனுக்குப் போய் உயிரிழந்தார். பெற்றோரிடம் சொல்லாமல் தோழர்களோடு போயிருந்தார். நம் மாவட்டத்துப் பெண்பிள்ளைகள் நிறையப் பேர் பெங்களூருவிலும் ஓசூரிலும் வேலை செய்கிறார்கள். அவர்களிடம் இதைச் சொல்லி வையுங்கள். திட்டுவார்களோ என்று பயந்தால் பிள்ளைகள் மறைப்பார்கள். எனவே திட்டாமல் பேசுங்கள்.

2022 செப்டம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் இதற்கென வழிகாட்டுதல் வெளியிட்டது. முறையாகப் பயிற்சி பெற்ற பதிவு பெற்ற டாக்டர்தான் செய்ய வேண்டும், வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டது போதாது, அவசர நிலையைச் சமாளிக்க வசதி இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை

கேட்டால் தப்பா நெனச்சிக்குவாங்களோ என்று தயங்க வேண்டாம். நல்ல டாக்டர் கோபப்பட மாட்டார்.

1. நீங்கள் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சி.எச். அல்லது டி.என்.பி. படித்தவரா? மருத்துவக் கவுன்சில் பதிவு எண் என்ன?

2. மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் யார்? ஆபரேஷன் முடியும் வரை கூடவே இருப்பாரா?

3. திடீரென்று மூச்சுத் திணறினால் இங்கே என்ன வசதி இருக்கிறது?

4. தழும்பு முழுசாகப் போகுமா, குறையுமா? (எந்தத் தழும்பும் முழுசாக மறையாது. மறைந்துவிடும் என்று அடித்துச் சொல்பவரிடம் உஷாராக இருங்கள்.)

5. எத்தனை தடவை ஆபரேஷன்? மொத்தச் செலவு எவ்வளவு? எழுதிக் கொடுப்பீர்களா?

6. வேறு இடத்திலிருந்து தோல் எடுப்பீர்களா? பெரும்பாலும் தொடையிலிருந்து எடுப்பார்கள். அந்த இடம் ஆற சுமார் இரண்டு வாரம் ஆகும். முகத்தை விட அதுதான் அதிகம் வலிக்கும்.

காலமும் முக்கியம்

தீக்காயம் ஆறியதுமே தழும்பை மாற்ற ஓடக்கூடாது. சிவந்து தடித்திருக்கும் தழும்பு அடங்க 6 மாதம் முதல் ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். ஆனால் கண் மூட முடியவில்லை, கழுத்து ஒட்டுகிறது என்றால் காத்திருக்கக் கூடாது, உடனே காட்ட வேண்டும். கல்யாணத் தேதியை வைத்துக்கொண்டு ஆபரேஷன் தேதியைக் குறிக்காதீர்கள்.

உதடு பிளந்த குழந்தைக்குப் பொதுவாக 3 முதல் 6 மாதத்திலும், அண்ணத்துக்கு ஒன்றரை வயதுக்குள்ளும் ஆபரேஷன் செய்வார்கள். அதற்குள் குழந்தைக்கு எடையும் ரத்தமும் தேற வேண்டும். கிரகணத்தில் காய் நறுக்கியதால் இப்படி ஆனது என்று தாயைக் குறை சொல்வது மூடநம்பிக்கை. அப்படிப் பேசுபவர்களை நாமே தடுக்க வேண்டும்.

ஆபரேஷனுக்கு முன் தயாராவது எப்படி?

ரத்தம்: பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் குறையாமல் இருப்பது நல்லது. நம்மில் பலருக்கு இருப்பதில்லை. இரண்டு மூன்று மாதம் முன்பே பரிசோதித்து, இரும்புச் சத்து மாத்திரை, கீரை, முட்டை, பயறு சாப்பிட்டுத் தேற்றிக்கொள்ளுங்கள். மாத்திரையை டீயோடு சாப்பிட்டால் சத்து சேராது. சர்க்கரையும் பி.பி.யும் கட்டுக்குள் இருக்க வேண்டும்.

புகையிலை: வெற்றிலையோடு புகையிலை போடுபவர்கள் குறைந்தது நான்கு வாரம் முன்பே நிறுத்த வேண்டும், பிறகும் நான்கு வாரம் தொடக்கூடாது. புகையிலை சின்ன ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். வைத்துத் தைத்த தோலுக்கு ரத்தம் போகாமல் கருகிவிடும். வீட்டில் பீடி, சிகரெட் புகையும் கூடாது.

மாத்திரைகள்: சாப்பிடும் எல்லா மருந்தையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். கருத்தடை மாத்திரை, வலி மாத்திரை, நாட்டு மருந்து, சூரணம் எதையும் மறைக்காதீர்கள். சில மருந்து ரத்தப்போக்கை அதிகமாக்கும், சில ரத்தத்தை உறைய வைக்கும். இதய நோய் மாத்திரையை நாமாக நிறுத்தவும் கூடாது.

பழைய தழும்பு: காது குத்திய இடமோ அம்மை ஊசி போட்ட இடமோ கட்டி போல வளர்ந்திருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். புதிய தழும்பும் அப்படி வளர வாய்ப்பு உண்டு.

மாதவிலக்கு: நாள் தள்ளிப்போயிருந்தால், பால் கொடுப்பவராக இருந்தால் முதலிலேயே சொல்ல வேண்டும்.

முந்தைய இரவு: டாக்டர் சொன்ன நேரத்துக்குப் பிறகு எதுவும் சாப்பிடக் கூடாது. பொதுவாக 6 முதல் 8 மணி நேரம். பால் கலந்த டீயும் சாப்பாட்டுக் கணக்குதான். மயக்கத்தில் வாந்தி வந்தால் நுரையீரலுக்குள் போய் உயிருக்கே ஆபத்து. "பாவம், பசிக்குமே" என்று யாரும் இட்லி ஊட்டிவிடாதீர்கள்.

நகையும் மருதாணியும்: மூக்குத்தி, மெட்டி, வளையல் கழற்ற வேண்டும். தாலியைக் கழற்ற மனசில்லை என்றால் முன்பே நர்ஸிடம் பேசிக்கொள்ளுங்கள். விரலில் மருதாணியோ நகப்பூச்சோ இருந்தால் ஆக்ஸிஜன் பார்க்கும் கருவி சரியாகக் காட்டாமல் போகலாம்.

கையெழுத்து: ஒப்புதல் படிவத்தைப் படித்துக் காட்டச் சொல்லிப் புரிந்த பிறகே போடுங்கள். கடைசி நிமிடத்தில் கூட "வேண்டாம்" என்று சொல்ல நமக்கு உரிமை உண்டு.

வந்த பிறகு

கூட ஒருவர் இருக்க வேண்டும். சில வாரம் புல்லுக்கட்டு, தண்ணீர்க் குடம் தூக்கக் கூடாது, அடுப்பு வெக்கையும் வெயிலும் ஆகாது. கழுத்துப்பட்டை, பயிற்சி என்று சொன்னால் மாதக்கணக்கில் விடாமல் செய்ய வேண்டும். விட்டால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். காய்ச்சல், சீழ், நாற்றம், ரத்தக்கசிவு வந்தால் அடுத்த தேதி வரை காத்திருக்காதீர்கள். மூச்சுத் திணறினால் உடனே 108.

பணத்துக்கு என்ன செய்வது?

முதலில் தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். அவர்கள் தேவையானால் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுப்பார்கள். ஆண்டு வருமானம் ரூ.1,20,000க்குள் இருக்கும் குடும்பத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. உங்களுக்கான சீரமைப்பு ஆபரேஷன் அதில் வருமா என்று 1800 425 3993 என்ற இலவச எண்ணில் கேளுங்கள். வெறும் அழகுக்கான ஆபரேஷனுக்குக் காப்பீடு கிடைக்காது. மற்ற மருத்துவ ஆலோசனைக்கு 104.

தமிழ்நாட்டில் மகளிர் குழு இயக்கம் 1989ல் நம் தர்மபுரி மாவட்டத்தில்தான் தொடங்கியது. கந்துவட்டிக்காரரிடம் கை நீட்டாமல் இருக்கத்தான் சேமித்தோம். எனவே குழுக்களுக்கு ஒரு வேண்டுகோள். இப்படிக் கடன் கேட்டு வருபவரிடம் "இதெல்லாம் தேவையா?" என்று கேட்டு நோகடிக்காதீர்கள். அரசு ஆஸ்பத்திரியில் காட்டியாச்சா, காப்பீட்டு அட்டை இருக்கா, செலவை எழுதி வாங்கியாச்சா என்று மூன்றே கேள்வி கேளுங்கள். தீர்மான நோட்டில் "மருத்துவச் செலவு" என்று எழுதினால் போதும், விவரம் வேண்டாம். கூடப் போக ஆள் இல்லாதவருக்கு உறுப்பினர் ஒருவர் துணைக்குப் போகலாம்.

அடுத்த குழுக் கூட்டத்தில் ஊக்குநர் இந்தக் கட்டுரையை வாசித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறோம். படிக்கத் தெரியாத சகோதரிகளுக்கும் இந்த விஷயம் போய்ச் சேர வேண்டும்.