இரு பலகை, ஒரே யுத்தம்

பாரத நாட்டில் பிறந்த சதுரங்கத்தைத் தனி மனிதரின் யுத்தம் என்றே எண்ணிப் பழகிவிட்டோம். மேல்நாட்டார் விரும்பி ஆடும் 'பக்ஹவுஸ்' ஆட்டத்திலோ நால்வர், இருவர் இருவராகச் சேர்ந்து, இரு பலகைகளில் ஆடுகின்றனர். நாம் வெட்டிய காய் சகாவின் கைக்குப் போகும். அவர் தம் முறை வரும்போது அதைக் காலிக் கட்டத்தில் இறக்கலாம். ஒரு பலகையில் அரசன் வீழ்ந்தால் இருவருக்குமே தோல்வி.

ஆகையால் அரசிக்கு அரசி மாற்றுமுன் பக்கத்துப் பலகையைப் பார்த்தல் அவசியம். நாம் இழக்கும் அரசி, சகாவை எதிர்ப்பவர் கைக்கன்றோ போய்ச் சேருகிறாள்!

குதிரையைப் பற்றி விசேஷமாகச் சொல்லவேண்டும். தூரத்து யானை சொல்லும் 'செக்'கை, ஒரு காலாளை இடையில் இறக்கித் தடுத்துவிடலாம். குதிரையினிடம் அந்த உபாயம் பலியாது. "குதிரையை மட்டும் கொடுத்துவிடாதீர்!" என்று சகா கூவினால் (பேசுவது இங்கே குற்றமன்று), காரணம் விசாரிக்க அவகாசமில்லை, கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது.