குப்பிக்கு ஒரு எண், ஊசிக்கு ஒரு எண்

பெரம்பலூர் மாவட்டம் வேப்பந்தட்டைப் பக்கம் எங்கள் ஊர். அப்பாவுக்குப் பருத்தி, மக்காச்சோள விவசாயம். எனக்குத் திருச்சியில் மெடிக்கல் கோடிங் வேலை. அமெரிக்க டாக்டர் எழுதிய குறிப்பை, அதாவது சார்ட்டை, படித்து, அவர் செய்த சிகிச்சைக்கு உரிய எண்ணைப் போடுவோம். அதை வைத்துத்தான் இன்சூரன்ஸ் கம்பெனி பணம் தரும். எண் பிசகினால் பில் நோயாளியின் வீட்டுக்கே போய்விடலாம். அதனால்தான் ஒவ்வொரு சார்ட்டையும் இரண்டு தடவை படிக்கிறேன்.

என்னிடம் வருபவை அலர்ஜி ஊசி சார்ட்டுகள். மகரந்தம் ஒத்துக்கொள்ளாதவருக்கு அந்த மகரந்தச் சாற்றையே கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி உடம்பைப் பழக்கும் வைத்தியம் இது. லண்டனில் லியோனார்டு நூன் 1911-இல் புல் மகரந்தத்தை வைத்து இதைச் செய்து எழுதினார். மூன்று முதல் ஐந்து வருடம் தொடர வேண்டும்.

ஒரு ஊசி போட்டால் 95115. இரண்டு, மூன்று என்று எத்தனை போட்டாலும் 95117, அதுவும் ஒரே தடவைதான். இரண்டு எண்ணையும் சேர்த்துப் போடக் கூடாது. புதிதாக வருபவர்கள் தடுமாறுவது இங்கேதான். இவை ஊசி போடும் வேலைக்கு மட்டும். மருந்தைக் கலந்து குப்பியில் தருவதற்கு 95165 தனி, அது டோஸ் கணக்கு. அமெரிக்காவில் முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர், ஒரு மில்லியை ஒரு டோஸாக வைத்து, குப்பிக்குப் பத்து டோஸ் வரைதான் பணம் தரும். ஒரு டாக்டர் கலந்து கொடுத்து, வேறு கிளினிக்கில் ஊசி போட்டால், கலந்தவருக்கு 95165, போட்டவருக்கு 95115 அல்லது 95117. ஊசிக்கு வந்தவரை “எப்படி இருக்கிறீர்கள்?” என்று கேட்டதற்கெல்லாம் ஆலோசனைக் கட்டணம் எழுத முடியாது. வேறு பிரச்சினைக்குத் தனியாகப் பரிசோதித்து, அது குறிப்பிலும் இருந்தால், 25 என்ற பின்னொட்டோடு போடலாம்.

ஊரில் எங்கள் வரப்பெல்லாம் பார்த்தீனியக் களை. அதன் மகரந்தம் தும்மலையும் இளைப்பையும் கிளப்பும், இலை பட்டால் சிலருக்குத் தோல் தடிக்கும். அப்பாவும் களை பறித்துவிட்டு வந்தால் தும்முவார். “அந்த ஊசி போட்டுக்கலாமாப்பா?” என்று என்னைக் கேட்டார். டாக்டரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தேன். எதற்கு அலர்ஜி என்று டெஸ்ட் எடுப்பார்களா? குப்பிக்கு எவ்வளவு, ஊசி போட எவ்வளவு? போட்ட பிறகு அரை மணி நேரம் அங்கேயே உட்கார வைப்பார்களா? மூச்சு முட்டினால் கொடுக்க அட்ரினலின் கைவசம் இருக்கிறதா?