வீசிய டின்னும் விலை பெறும்



ரந்தாவ் வட்டாரத் தோட்டங்களில் ஒரு திருமணமோ, கோவில் திருவிழாவோ, காற்பந்தாட்டமோ நடந்து முடிந்தால், மறுநாள் காலையில் திடலில் எஞ்சிக் கிடப்பவை எவை? பான டின்கள், தண்ணீர்ப் போத்தல்கள், உறிஞ்சு குழல் செருகிய காகிதப் பெட்டிகள். இவற்றைக் குப்பை என்று கூட்டித் தள்ளுகிறோம். சில இடங்களில் குழி வெட்டிப் புதைக்கிறோம். சில இடங்களில் கொளுத்திவிடுகிறோம். மழை பெய்தால் கால்வாயில் இறங்கியவை லிங்கி ஆற்றோடு மலாக்கா நீரிணை வரை போய்ச் சேருகின்றன. இந்தக் காலிக் கலங்களை எப்படிப் பயனுள்ளவை ஆக்கலாம், அதற்கு ஒரு தோட்டத்து மக்களை எப்படி ஒன்று சேர்க்கலாம் என்பதை இன்று பார்ப்போம்.

முந்திய தலைமுறைக்கு இது புதிய பாடம் அன்று. கண்ணாடிப் போத்தலில் பானம் விற்ற காலத்தில், காலிப் போத்தலைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்து முன்பணத்தை வாங்கிக் கொண்டார்கள். பால் டின்னுக்குக் கயிறு கட்டி அதிலே கோப்பி வாங்கி வந்தார்கள். வீசி எறியும் பழக்கம், வீசி எறிவதற்கென்றே செய்யப்பட்ட கலங்களோடு வந்த பழக்கம்.

ஓர் அலுமினிய டின் எங்கிருந்து வருகிறது? பாக்சைட் என்னும் கனிமத்திலிருந்து வருகிறது. பாக்சைட் தோண்டினால் என்ன ஆகும் என்பதை நம் நாட்டிலேயே கண்டோம். பகாங் மாநிலத்துக் குவாந்தானில் 2015ஆம் ஆண்டில் எங்கும் செம்புழுதி படிந்தது; கடல்நீரும் சிவந்தது. 2016 ஜனவரியில் அரசாங்கம் அந்த வேலையைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்தது. தோண்டிய கனிமத்திலிருந்து உலோகத்தைப் பிரிக்க ஏராளமான மின்சாரம் வேண்டும். பழைய டின்னை உருக்கிப் புதிய டின் செய்தாலோ, அந்தச் சக்தியில் ஏறத்தாழ 95 விழுக்காடு மிச்சமாகிறது. அலுமினியத்தைத் திரும்பத் திரும்ப உருக்கலாம். அதன் தன்மை கெடுவதில்லை.

இரண்டாவது காரணம் நம் வீட்டு வாசலில் இருக்கிறது. அது டிங்கிக் காய்ச்சல். மழைநீர் தேங்கிய ஒரு டின் ஏடிஸ் கொசுவுக்குப் போதும். முட்டையிட்ட பின் ஏழு முதல் பத்து நாட்களில் கொசு பறந்துவிடும். நீரைக் கொட்டிவிட்டால் தீர்ந்தது என்று எண்ண வேண்டாம். கலத்தின் உட்புறத்தில் ஒட்டிய முட்டைகள் காய்ந்த நிலையிலும் பல மாதங்கள் உயிரோடிருக்கும். அடுத்த மழையில் பொரிக்கும். கொசு வளர இடம் கொடுப்பது நம் நாட்டில் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றமாகும்.

சட்டம் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2015 செப்டம்பர் 1 முதல், நெகிரி செம்பிலான் உள்ளிட்ட சில மாநிலங்களில் வீட்டுக் குப்பையைப் பிரித்து வைப்பது கட்டாயமாயிற்று. நீலத் தொட்டி காகிதத்துக்கு, பழுப்புத் தொட்டி கண்ணாடிக்கு, ஆரஞ்சுத் தொட்டி டின்னுக்கும் பிளாஸ்டிக்குக்கும் என்பதைப் பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்வார்கள். ஆனால் மனப்பாடம் வேறு, பழக்கம் வேறு. நாட்டின் மறுசுழற்சி விகிதம் 2020இல் ஏறத்தாழ 31 விழுக்காடு. 2025க்குள் அதை 40ஆக உயர்த்துவது அரசாங்கம் வைத்த இலக்கு.

அறிந்தும் செய்யாதது ஏன்? மக்களுக்கு அக்கறை இல்லை என்று குறை சொல்வது எளிது. உண்மை அதுவன்று. தொட்டி தொலைவில் இருக்கிறது. பிரித்து வைத்ததை யார் எடுப்பார் என்று தெரியவில்லை. விற்ற பணம் யாரிடம் போகிறது என்ற ஐயமும் உண்டு. இந்த மூன்றையும் நீக்கினால் மக்கள் தாமே வருவார்கள்.

இதற்குத் தமிழ்நாட்டு நீலகிரி நல்ல சான்று. அதுவும் நம் வட்டாரம் போலத் தோட்டங்கள் நிறைந்த இடம். குடித்துவிட்டு எறிந்த மதுப் போத்தல்கள் காட்டில் உடைந்து கிடந்து, யானைகளின் காலைக் கிழித்தன. சென்னை உயர்நீதிமன்றம் இதில் தலையிட்டது. 2022 மே மாதம் முதல், அங்குள்ள அரசு மதுக்கடைகளில் ஒவ்வொரு போத்தலுக்கும் 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் போத்தலைத் திருப்பிக் கொடுத்தால் அந்த 10 ரூபாயையும் திருப்பிக் கொடுத்தார்கள். போத்தல்கள் கடைக்குத் திரும்பத் தொடங்கின. பிறகு வேறு மாவட்டங்களுக்கும் இத்திட்டம் பரவியது. ஜெர்மனியில் 2003 முதல் இதே முறை உண்டு. பெரும்பாலான கலங்களுக்கு 25 சென்ட் முன்பணம். எறியும் பொருளுக்கு ஒரு விலையும், திருப்பித் தர அருகிலேயே ஓர் இடமும் இருந்தால் பழக்கம் மாறுகிறது என்பதே இவற்றால் பெறும் பாடம்.

நாம் சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு தோட்டத்தில் செய்யக்கூடியவற்றைச் சொல்கிறோம்.

முதலில் கணக்கெடுப்போம். ஒரு வாரம் ஒவ்வொரு வீட்டிலும் எத்தனை டின், எத்தனை போத்தல் காலியாகிறது என்று பிள்ளைகள் எழுதட்டும். ஏறத்தாழ 70 அலுமினிய டின்கள் ஒரு கிலோ. வாரத்துக்கு ஐந்து டின் வீதம் 40 வீடுகள் கொடுத்தால் 200 டின்கள். கிட்டத்தட்ட மூன்று கிலோ. சிறு துளி பெருவெள்ளம் என்பதைக் கணக்குப் பாடமாகவே கற்பிக்கலாம்.

அடுத்தது, தரம் பிரித்தல். இதற்கு ஒரு காந்தம் போதும். பால் டின் இரும்பினால் ஆனது, காந்தத்தில் ஒட்டும். அலுமினிய டின் ஒட்டாது. அலுமினியத்துக்கே விலை அதிகம். கலந்து விற்றால் நமக்குத்தான் நட்டம். தண்ணீர்ப் போத்தலையும் அதன் மூடியையும் துண்டாக்கி நீரில் போட்டால், போத்தல் துண்டு மூழ்கும், மூடித் துண்டு மிதக்கும். இரண்டும் வேறு வேறு பிளாஸ்டிக் என்பதைப் பிள்ளைகள் கண்ணால் காண்பார்கள். கண்ணாடியை வாங்குவோர் குறைவு. அதைத் தனியே, உடையாமல் வைக்க வேண்டும்.

மூன்றாவது, இடமும் நாளும். மளிகைக் கடை, கோவில், பொது மண்டபம் ஆகியவற்றின் அருகே சாக்குகளைத் தொங்கவிடலாம். கலங்களைக் கழுவி, கவிழ்த்து, கூரையின் கீழ் வைக்க வேண்டும். இல்லையேல் நாம் சேர்ப்பது டின் ஆகாது, கொசு ஆகும். பழைய சாமான் லாரி வரும் நாளை முன்கூட்டியே பேசி முடிவு செய்து, அந்த நாள் மாறாமல் நடத்த வேண்டும்.

நான்காவது, கணக்கு. எத்தனை கிலோ, என்ன விலை, எவ்வளவு கையிருப்பு என்பதை மாதந்தோறும் பலகையில் எழுதி வைக்க வேண்டும். அப்பணம் எதற்கு என்பதையும் தொடக்கத்திலேயே ஊர் கூடி முடிவு செய்ய வேண்டும். நூலகப் புத்தகம், பிள்ளைகளின் சுற்றுலா, இறப்பு வீட்டுக்கு உதவி என எதுவாயினும் சரி. கணக்கு மறைந்தால் சாக்கும் காலியாகும்.

இன்னொன்று மிக முக்கியம். டின் பொறுக்கி விற்று, அந்தக் காசில் மருந்தும் அரிசியும் வாங்குகிற முதியவர்கள் பல தோட்டங்களிலும் தாமான்களிலும் இருக்கிறார்கள். நாம் நல்ல நோக்கத்தோடு எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டால் அவர்கள் அடுப்பு அணைந்துவிடும். ஆகவே முதலில் அவர்களிடம் பேச வேண்டும். தரம் பிரிக்கும் பொறுப்பை அவர்களுக்கே கொடுத்து, கூலியோ பங்கோ தரலாம். யாரும் அறிவுறுத்தாமலே இத்தனை ஆண்டுகள் இந்த வேலையைச் செய்து வந்தவர்கள் அவர்கள்தாம். விலை தெரிந்தவர்களும் அவர்கள்தாம். பிள்ளைகளையோ பெருஞ்சாலை ஓரத்துக்கும் கால்வாய்க்கும் அனுப்பக் கூடாது. அவர்கள் வீட்டிலிருந்து கொண்டு வருவதே போதும்.

ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும். ஆனால் தேருக்கு முதலில் வடம் பூட்ட இரண்டு மூன்று பேர் போதும். வரும் ஞாயிற்றுக்கிழமை உங்கள் லயத்தில் ஒரு சாக்கைத் தொங்கவிட்டு, அதன் பக்கத்தில் ஒரு கணக்குப் பலகையையும் மாட்டுங்கள். அண்டை வீட்டார் கேட்கும்போது காந்தத்தை எடுத்துக் காட்டி விளக்குங்கள்.