செம்பு: சொம்பில் இருக்கட்டும், மாத்திரையில் வேண்டுமா?

சீர் வரிசைக்குப் பித்தளைக் குடம் எடுக்கக் கோவை பெரியகடை வீதிக்குப் போகிறவர்கள், கூடவே ஒரு செம்புத் தண்ணீர் பாட்டிலும் வாங்கி வருகிறார்கள். ‘நரை வராது, எதிர்ப்புச் சக்தி கூடும்’ என்ற பேச்சை நம்பி, சிலர் செம்புச் சத்து மாத்திரையும் விழுங்குகிறார்கள். இது எல்லோருக்கும் தேவையா?

உடம்பில் என்ன வேலை?

ஒரு பெரியவரின் உடம்பில் உள்ள மொத்தச் செம்பு சுமார் 100 மில்லிகிராம். ஒரு சிட்டிகை உப்பின் எடைகூட வராது. ஆனாலும் இரும்புச் சத்து ரத்தத்தில் சேரவும், நரம்பின் மேலுறை சிதையாமல் இருக்கவும், தோலும் முடியும் நிறம் பெறவும் அது வேண்டும். அமெரிக்கப் பரிந்துரைப்படி பெரியவர்களின் ஒரு நாள் தேவை 0.9 மி.கி.; தாண்டக் கூடாத வரம்பு 10 மி.கி.

25 கிராம் எள்ளிலேயே ஏறத்தாழ 1 மி.கி. இருக்கிறது. கொள்ளு, நிலக்கடலை, முந்திரி, ஆட்டு ஈரல் எல்லாவற்றிலும் உண்டு. கொள்ளுப் பருப்பு கடைந்து, எள்ளுருண்டை பிடிக்கும் வீட்டில் செம்புக்குப் பஞ்சமில்லை.

யாருக்குக் குறையும்?

எடை குறைப்புக்காக இரைப்பை அறுவை செய்துகொண்டவர்கள், குடலில் சத்து உறிஞ்சாத நோய் உள்ளவர்கள், துத்தநாக மாத்திரையை அதிக அளவில் மாதக்கணக்கில் சாப்பிடுகிறவர்கள் ஆகியோருக்குக் குறையலாம். துத்தநாகம் மிஞ்சினால் குடல் செம்பை உள்ளே விடாது. இரும்பு மாத்திரைக்கும் மசியாத ரத்தசோகை, பாதம் மரத்துப்போவது, நடையில் தள்ளாட்டம் ஆகியவை இதன் அறிகுறிகள். இவர்களுக்குத்தான் மாத்திரை மருந்தாகிறது. குறைபாடே இல்லாதவருக்கு அது நரையைத் தடுக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை.

செம்புத் தண்ணீர்

பெங்களூரு ஆய்வாளர்கள் 2012-ல் வெளியிட்ட ஆய்வு இது: காலரா, சீதபேதிக் கிருமிகளைக் கலந்த நீரைச் செம்புப் பானையில் 16 மணி நேரம் வைத்தார்கள். பிறகு அந்த நீரிலிருந்து கிருமிகளை வளர்த்தெடுக்க முடியவில்லை. அந்த நீரில் கரைந்திருந்த செம்பு லிட்டருக்கு 0.18 மி.கி. மட்டுமே, உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு 2 மி.கி. ஆக, சிறுவாணித் தண்ணீரை ராத்திரி செம்பில் ஊற்றி வைத்துக் காலையில் குடிப்பதில் பயமில்லை.

எலுமிச்சைச் சாறு, மோர், புளிக்கரைசல் கதையே வேறு. புளிப்பு செம்பை அரிக்கும். வாந்தி, வயிற்றுவலி வரும். பித்தளைப் பாத்திரத்தில் பச்சையாகக் களிம்பு பூத்தால் ஈயம் பூசாமல் அதில் புளிக்குழம்பு வைக்க நம் பாட்டிமார் விட்டதில்லை.

பால் சொன்ன பாடம்

ஒரு காலத்தில் நம் நாட்டில் மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் ஈரல் சுருங்கி இறந்துபோனார்கள். புனே மருத்துவர்களும் பிரிட்டனின் ஸ்டூவர்ட் டானரும் 1983-ல் ‘லான்செட்’ இதழில் சந்தேகத்தைப் பாத்திரத்தின் மேல் திருப்பினார்கள். பித்தளையிலும் செம்பிலும் காய்ச்சி வைத்த பாலில் செம்பு ஏறி, பிஞ்சு ஈரலில் தங்கியிருந்தது. எவர்சில்வர் பரவிய பிறகு அந்த நோய் அநேகமாக மறைந்துவிட்டது.

பெரியவர்களிலும் சிலரின் ஈரலால் செம்பை வெளியேற்ற முடியாது. இது வில்சன் நோய். சுமார் 30,000 பேரில் ஒருவருக்கு வரும். தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் நோய் வரும். அத்தை மகன், மாமன் மகள் என்று சொந்தத்திலேயே கல்யாணம் முடிக்கும் குடும்பங்களில் அதற்கு வாய்ப்பு கூடுதல். வில்சன் நோய் உள்ளவர்களுக்குச் செம்பு மாத்திரை விஷம்.

வாங்கும் முன்

சில மாத்திரைப் பெட்டிகளில் ‘காப்பர் சல்பேட்’ என்று அச்சிட்டிருக்கும். தொண்டாமுத்தூர்ப் பக்கம் திராட்சைக் கொடிக்குச் சுண்ணாம்புடன் கலந்து போர்டோ கலவையாக அடிக்கிற மயில்துத்தமும் அதுதான். அளவுதான் இரண்டையும் பிரிக்கிறது. அதனால் கையிலுள்ள சத்து மாத்திரைகளில் செம்பும் துத்தநாகமும் எத்தனை மி.கி. என்று முதலில் கூட்டிப் பாருங்கள். அசதி, மரமரப்பு இருந்தால் ரத்தத்தில் செம்பு, அதைச் சுமக்கும் புரதமான செருலோபிளாஸ்மின் ஆகியவற்றின் அளவுகளைப் பார்க்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். குறைவு என்று தெரிந்தால் மட்டும் மாத்திரை. இல்லையென்றால் எள்ளுருண்டையே போதும்.